ஆர்வமில்லை என்று நாம் சொல்வது பெரும்பாலும் பயம்தான்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் உங்கள் நாளிதழில் ஒரு பள்ளி ஆசிரியை எழுதிய கடிதத்தைப் பெயர் போடாமல் வெளியிட்டிருந்தீர்கள். எவ்வளவு தயார் செய்துகொண்டு போனாலும் பிள்ளைகள் கவனிப்பதில்லை, பின்வரிசையில் பாதிப் பேர் தூங்குகிறார்கள், கேள்வி கேட்டால் தலையைக் குனிந்துகொள்கிறார்கள், வீட்டுப்பாடத்தை ஒருவன் எழுத மற்றவர்கள் அப்படியே பார்த்து எழுதி வருகிறார்கள், காலையில் பள்ளிக்குக் கிளம்பவே மனம் வரவில்லை, வேலையை விட்டுவிடலாமா என்றுகூட யோசிக்கிறேன் என்று எழுதியிருந்தார். அதற்கு வந்த பதில் கடிதங்களையும் படித்தேன். ஆசிரியப் பணி அறப்பணி, மனம் தளரக் கூடாது என்று சிலர். இந்தக் காலத்துப் பிள்ளைகளே இப்படித்தான் என்று சிலர். நல்ல மனதோடுதான் எழுதியிருக்கிறார்கள், ஆனால் இரண்டாலும் அவருக்கு ஒரு பயனும் இல்லை. முதல் பதில், ஏற்கெனவே சோர்ந்து கிடப்பவர் தலையில் குற்ற உணர்ச்சியையும் சேர்த்து ஏற்றுகிறது. இரண்டாவது, இனி செய்வதற்கு ஒன்றுமே இல்லை என்று சொல்லிவிடுகிறது. நீண்ட காலம் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். அவரிடம் நேரில் பேசினால் என்ன சொல்வேனோ அதை இங்கே எழுதுகிறேன்.

டீச்சர், முதலில் உங்களைப் பற்றி. நீங்கள் எழுதியிருக்கும் சோர்வு உங்கள் குணக்கோளாறும் இல்லை, மனவலிமை இல்லாததன் அடையாளமும் இல்லை. உலக சுகாதார நிறுவனமே 2019-இல் இதைப் பற்றிச் சொல்லும்போது, வேலையிடத்தில் நாள்பட்டுச் சேர்ந்து, சரியாகக் கவனிக்கப்படாமல் போன மன அழுத்தத்தின் விளைவு என்றுதான் விவரித்தது. இதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த உளவியலாளர் கிறிஸ்டினா மாஸ்லாக் இதில் மூன்று கூறுகளைப் பார்க்கிறார். உள்ளே எல்லாம் வற்றிப்போன மாதிரியான களைப்பு ஒன்று. யாரோடு வேலை செய்கிறோமோ அவர்களிடமிருந்தே மனம் விலகிப்போவது இன்னொன்று. நான் செய்வதால் எந்தப் பிரயோஜனமும் இல்லை என்ற எண்ணம் மூன்றாவது. உங்கள் கடிதத்தில் இந்த மூன்றும் இருக்கின்றன. "இவர்களுக்குச் சொல்லி என்ன ஆகப்போகிறது" என்று ஒரு வரி எழுதியிருந்தீர்களே, அதில் இரண்டாவதும் மூன்றாவதும் சேர்ந்தே இருக்கின்றன. களைப்புக்கு ஓய்வு வேண்டும், அதை நான் கடிதத்தில் தர முடியாது. ஆனால் பிரயோஜனம் இல்லை என்ற எண்ணத்தை வகுப்பறைக்கு உள்ளேயே மாற்ற முடியும், கண்ணுக்குத் தெரிகிற மாதிரி ஒரு பலன் கிடைத்தால் போதும். அந்தப் பலன் எங்கே கிடைக்கும் என்பதுதான் நான் சொல்ல வந்த விஷயம்.

பின்வரிசைப் பையனுக்கு ஆர்வமில்லை என்று நாம் எல்லோரும் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். அவன் இடத்தில் இருந்து கொஞ்சம் பாருங்கள். முயற்சி செய்து தப்பாகப் போனால் எல்லோர் முன்னாலும் அவன் முட்டாள். முயற்சியே செய்யாமல் இருந்தால் வெறும் சோம்பேறி. இந்த இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் எந்தப் பிள்ளையும் சோம்பேறி என்ற பெயரைத்தான் வாங்கிக்கொள்ளும், ஏனென்றால் அதில் மானம் மிச்சமாகிறது. "நான் படிக்கல, அதான் மார்க் வரல" என்று அவன் அலட்சியமாகச் சொல்வது தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான். தூங்குவதும், பேனாவை உருட்டிக்கொண்டிருப்பதும், பக்கத்தில் இருப்பவனைச் சீண்டுவதும் முக்கால்வாசி இதே வகைதான். மீதிக் கால்வாசியில் உண்மையிலேயே இரவு தூங்காத பிள்ளையும் இருக்கும், வீட்டில் பெரிய பிரச்சினை உள்ள பிள்ளையும் இருக்கும், அதைத் தனியாகக் கூப்பிட்டு விசாரித்தால்தான் தெரியும். மற்றவர்களைப் பொறுத்தவரை, அவர்கள் உங்களையும் உங்கள் பாடத்தையும் வெறுக்கவில்லை. தோற்பதற்குப் பயப்படுகிறார்கள். பயத்தை அறிவுரை போக்காது. "கஷ்டப்பட்டுப் படித்தால் முன்னுக்கு வரலாம்" என்று தினமும் சொன்னாலும் போகாது. தன்னால் முடிகிறது என்று அவனே ஒரு தடவை கண்ணால் பார்த்தால்தான் போகும்.

அது எப்படி நடக்கும் என்று ஒரே ஒரு கணக்கை வைத்துச் சொல்கிறேன். பின்னக் கூட்டலில் அரையோடு மூன்றில் ஒன்றைக் கூட்டச் சொன்னால், மேலே இருப்பதை மேலே கூட்டி, கீழே இருப்பதைக் கீழே கூட்டி, ஐந்தில் இரண்டு என்று எழுதுகிற பிள்ளைகள் எல்லா ஊரிலும் எல்லா வகுப்பிலும் உண்டு. வழக்கமாக என்ன செய்கிறோம்? சிவப்பு மையில் ஒரு பெருக்கல் குறி, பக்கத்தில் சரியான விடை, அடுத்த நோட்டு. அந்தப் பிள்ளைக்குத் தெரிந்ததெல்லாம் வழக்கம்போல இதுவும் தப்பு என்பது மட்டும்தான். ஒரு பையனிடம் நான் குறி போடாமல், "இது எப்படி வந்தது, சொல்லு" என்று கேட்டேன். தயங்கித் தயங்கிச் சொன்னான். அவன் சொன்னதில் ஒரு ஒழுங்கு இருந்தது, எல்லாவற்றையும் கூட்டுவதுதானே கூட்டல். சரி, ஐந்தில் இரண்டு பாதியைவிடப் பெரிதா, சின்னதா என்று கேட்டேன். ஒரு கோடு போட்டு ஐந்தாகப் பிரித்து, இரண்டு பங்கைத் தீட்டிப் பார்த்தான். "சின்னது சார்." அப்படியென்றால் பாதியோடு இன்னும் கொஞ்சம் சேர்த்தபிறகு பாதியைவிடக் குறைந்துவிட்டதா என்று கேட்டேன். நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம் நான் கேட்காமலேயே அதே நீளத்துக்கு இன்னொரு கோடு போட்டான். அதை ஆறாகப் பிரிக்கலாம் என்று மட்டும் நான் சொன்னேன், ஏன் ஆறு என்பதை அவனே கண்டுபிடித்தான். பாதிக்கு மூன்று பங்கு, மூன்றில் ஒன்றுக்கு இரண்டு பங்கு, மொத்தம் ஆறில் ஐந்து. இதற்கு ஆனது சில நிமிஷம்தான். அடுத்த கணக்கைக் கொடுங்கள் என்று அவனாகக் கேட்டான். அதுவரை அந்தப் பையன் என்னிடம் எதையும் கேட்டதே இல்லை.

இதில் நான் அவனை உற்சாகப்படுத்தும்படி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். அவன் யோசித்ததைக் கேட்டேன், அவ்வளவுதான். தப்பான விடைக்குப் பின்னாலும் ஒரு யோசனை இருக்கிறது, அதைக் கேட்க ஒருவர் இருக்கிறார் என்று தெரிந்தாலே பிள்ளை நிமிர்ந்து உட்காரும். கணக்குக்கு மட்டும் பொருந்துவது இல்லை இது. இலக்கணப் பிழைக்கும் பொருந்தும், அறிவியலில் தப்பாகப் புரிந்துகொண்ட ஒரு விஷயத்துக்கும் பொருந்தும்.

வகுப்பு முழுவதற்கும் இப்படி ஒவ்வொருவராக உட்கார முடியாது என்று நீங்கள் சொல்வீர்கள். நியாயம்தான். அதற்குச் செலவே இல்லாத ஒரு வழி இருக்கிறது, கேள்வி கேட்டபின் கொஞ்சம் பொறுப்பது. அமெரிக்காவில் மேரி பட் ரோவ் என்ற கல்வியாளர் அறிவியல் வகுப்புகளைப் பதிவு செய்து ஆராய்ந்தபோது, ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருக்கிறார்கள், அதற்குள் வேறொருவரைக் கேட்டுவிடுகிறார்கள் அல்லது தாங்களே பதிலைச் சொல்லிவிடுகிறார்கள் என்று கண்டார். அதையே மூன்று நொடிக்கு மேல் நீட்டியபோது பதில்கள் நீண்டன, தெரியவில்லை என்று சொல்வது குறைந்தது, வழக்கமாகப் பேசாத பிள்ளைகள் பேசினார்கள். மூன்று நொடி என்பது கேட்கச் சின்னதாக இருக்கும், வகுப்பில் நின்று பாருங்கள், ஒரு யுகம் மாதிரி தோன்றும். மனதுக்குள் மெதுவாக எண்ணிக்கொள்ளுங்கள். அதோடு, உடனே கை தூக்குகிற நாலு பேரை அந்த நேரத்தில் பார்க்காதீர்கள். எல்லோரும் முதலில் நோட்டில் எழுதுங்கள், அப்புறம் பக்கத்தில் இருப்பவரிடம் காட்டுங்கள், அதற்கப்புறம் கேட்கிறேன் என்று சொல்லிவிட்டால், தப்பாகச் சொல்லி அசிங்கப்படுவோமோ என்ற பயம் பாதி குறையும். ஏனென்றால் அதற்குள் அவன் இன்னொருவனிடம் சரிபார்த்துவிட்டிருப்பான்.

அடுத்தது விடைத்தாள். இதில்தான் நாம் அதிகமாக உழைக்கிறோம், அந்த உழைப்பில் பெரும்பகுதி வீணாகப் போகிறது. 1988-இல் ரூத் பட்லர் வெளியிட்ட ஆய்வு ஒன்று எல்லா ஆசிரியர்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும். பிள்ளைகளை மூன்று குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு மதிப்பெண் மட்டும், இன்னொரு குழுவுக்கு எதைச் சரியாகச் செய்தாய், எதை இன்னும் செய்யலாம் என்ற குறிப்பு மட்டும், மூன்றாவது குழுவுக்கு இரண்டும் சேர்த்துக் கொடுத்தார். குறிப்பு மட்டும் வாங்கியவர்கள் அடுத்த வேலையில் முன்னேறினார்கள், அவர்களுடைய ஆர்வமும் குறையவில்லை. மதிப்பெண்ணும் குறிப்பும் சேர்த்து வாங்கியவர்களுக்குக் கூடுதல் பலன் கிடைத்திருக்க வேண்டும் என்றுதானே நினைப்போம்? கிடைக்கவில்லை. யோசித்தால் காரணம் புரிகிறது. தாளைக் கையில் வாங்கியதும் பிள்ளை எண்ணைப் பார்க்கிறது, பக்கத்தில் இருப்பவனின் எண்ணைப் பார்க்கிறது, மடித்துப் பையில் வைத்துவிடுகிறது. ராத்திரி உட்கார்ந்து நீங்கள் எழுதிய வரிகளைப் படிக்க அதற்குக் காரணமே இல்லை.

மதிப்பெண்ணே போடாதீர்கள் என்று சொல்லவில்லை, பள்ளி விடாது. ஆண்டுத் தேர்வுக்கும் பருவத் தேர்வுக்கும் போட்டுத்தான் ஆக வேண்டும். நடுவில் வைக்கிற சின்னச் சின்ன டெஸ்டுகளில் மட்டும் எண்ணை உங்கள் நோட்டில் குறித்துக்கொண்டு, பிள்ளையின் தாளில் இரண்டு வரி மட்டும் எழுதிக் கொடுங்கள். "முதல் மூன்று படியும் சரி. நாலாவது படியில் குறி மாறிவிட்டது, அங்கிருந்து மறுபடி செய்து காட்டு." இவ்வளவு போதும். மறுபடி செய்து காட்டுவதற்கு வகுப்பிலேயே நேரம் ஒதுக்கிவிடுங்கள், வீட்டுக்கு அனுப்பினால் நடக்காது. திருத்தி எழுதியதை நீங்கள் பார்த்து ஒரு டிக் போடும்போது, அந்தப் பிள்ளைக்குத் தான் நகர்ந்த தூரம் தெரிகிறது. உங்களுக்கும் தெரிகிறது, அதை மறக்காதீர்கள்.

பாராட்டு விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. "நீ புத்திசாலி" என்று சொல்வது நல்லது செய்கிறது என்றே நாம் நம்புகிறோம். கிளாடியா முல்லரும் கரோல் டுவெக்கும் 1998-இல் வெளியிட்ட ஆய்வுகளில், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளில் சிலரை அறிவுக்காகவும் சிலரை உழைப்புக்காகவும் பாராட்டினார்கள். பிறகு கடினமான புதிர்களைக் கொடுத்துத் தடுமாற விட்டபோது, அறிவுக்குப் பாராட்டு வாங்கிய பிள்ளைகள்தான் சீக்கிரம் சோர்ந்தார்கள். அதன்பின், முதலில் கொடுத்த அளவுக்கே சுலபமான புதிர்களைக் கொடுத்தபோதுகூட முன்பைவிட மோசமாகச் செய்தார்கள். தாங்கள் எடுத்த மதிப்பெண்ணைக் கூட்டிச் சொன்னவர்களும் அந்தக் குழுவில்தான் அதிகம். புத்திசாலி என்ற பட்டத்தை இழக்கப் பயம், வேறென்ன. முதல் பெஞ்சில் இருக்கும் பிள்ளைக்கும் இந்தப் பயம் உண்டு என்பதால் சொல்கிறேன், நம் கவனம் பின்வரிசையோடு நின்றுவிடக் கூடாது. அதற்காக வெறுமனே "நன்றாக உழைத்தாய்" என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருப்பதும் வேலைக்கு ஆகாது. உழைத்தும் விடை வராத பிள்ளைக்கு அது ஆறுதல் பரிசு மாதிரி கேட்கும். என்ன செய்தான் என்று குறிப்பாகச் சொல்லுங்கள்: "போன தடவை படம் போடாமல் செய்தாய், இந்தத் தடவை படம் போட்டதால்தான் விடை வந்தது."

பரிசு, ஸ்டார், நட்சத்திரப் பட்டியல் இவற்றை அளவோடு வைத்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே ஆசைப்பட்டு வரைந்துகொண்டிருந்த சின்னக் குழந்தைகளிடம், வரைந்தால் சான்றிதழ் தருவோம் என்று முன்கூட்டியே சொல்லிக் கொடுத்துப் பார்த்த ஆய்வு 1973-இல் வந்தது. மார்க் லெப்பரும் அவரோடு இருந்தவர்களும் செய்தது. சில நாள் கழித்துப் பார்த்தபோது, அந்தக் குழந்தைகள் தாங்களாக வரைகிற நேரம் மற்ற குழந்தைகளோடு ஒப்பிட்டால் ஏறக்குறைய பாதியாக இருந்தது. கொஞ்சமும் தொடாத வேலையைத் தொட வைக்கப் பரிசு உதவலாம். தானாக நடப்பதற்குப் பரிசு கொடுத்துக் கெடுத்துவிட வேண்டாம்.

"இதைப் படித்து என்ன ஆகப்போகுது" என்று கேட்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். அதற்கு நாம் மேடையில் பேசுகிற மாதிரி பதில் சொல்ல ஆரம்பித்துவிடுகிறோம். பதிலை அவர்களிடமே விட்டுவிடுங்கள். கிறிஸ் ஹல்மேனும் ஜூடித் ஹராக்கிவிச்சும் 2009-இல் வெளியிட்ட ஆய்வில், ஒன்பதாம் வகுப்பு அறிவியல் மாணவர்களில் ஒரு பகுதியினரைப் பாடத்துக்கும் தங்கள் வாழ்க்கைக்கும் என்ன தொடர்பு என்று அவர்களாகவே எழுதச் சொன்னார்கள், மற்றவர்களைப் பாடத்தைச் சுருக்கி மட்டும் எழுதச் சொன்னார்கள். தன்னால் பெரிதாகச் செய்ய முடியாது என்று நினைத்திருந்த பிள்ளைகளுக்குத்தான் தொடர்பை எழுதியதில் பலன் கிடைத்தது, ஆர்வமும் மதிப்பெண்ணும் கூடின. ஒரு பாடம் முடிந்ததும் ஐந்து நிமிஷம் கொடுத்து நாலு வரி எழுதச் சொல்லுங்கள். ஒரு பெண் தன் தம்பிக்கு மருந்து அளந்து ஊற்றுவதைப் பற்றி எழுதுவாள், இன்னொருவன் பந்து எகிறுவதைப் பற்றி எழுதுவான். படித்துப் பார்த்தால் அந்தப் பிள்ளைகளையே உங்களுக்கு அப்போதுதான் தெரிய வரும். எழுத ஒன்றுமில்லை என்று சொல்பவனும் இருப்பான், விடுங்கள், அடுத்த பாடத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

இதையெல்லாம் திங்கட்கிழமையே ஒட்டுமொத்தமாக ஆரம்பித்துவிடாதீர்கள், அதுதான் என் பெரிய கவலை. சோர்ந்திருக்கும்போது ஐந்து புது முறைகளைக் கையில் எடுத்தால் ஐந்தும் பாதியில் நிற்கும், இன்னொரு தோல்வி கணக்கில் ஏறும். ஒரே ஒரு வகுப்பை எடுத்துக்கொள்ளுங்கள், உங்களுக்கு அதிகம் வலிக்கிற வகுப்பாக இருக்க வேண்டாம், கொஞ்சம் சுமாரான வகுப்பே போதும். அதில் ஒரு வழியை மட்டும் ஒரு பருவம் முழுக்கச் செய்யுங்கள். பக்கத்தில் ஒரு சின்ன நோட்டு வைத்து, அன்றைக்கு யார் புதிதாக வாயைத் திறந்தார்கள், யார் தப்பைத் தானே திருத்தினார்கள் என்று பெயரும் ஒரு வரியும் எழுதி வையுங்கள். ஒன்றும் நடக்காத நாள் வரும், அன்றைக்கு எழுத வேண்டாம். நம் மனம் கெட்டதை மட்டும் பிடித்து வைத்துக்கொள்ளும், காலையில் நடந்த ஒரு நல்ல விஷயம் மாலையில் ஞாபகத்தில் இருக்காது. எதுவும் பிரயோஜனம் இல்லை என்று தோன்றுகிற ராத்திரியில் அந்த நோட்டைப் பிரித்தால், உங்கள் கையெழுத்திலேயே அதற்குப் பதில் இருக்கும்.

ஸ்டாஃப் ரூமில் யாரோடு உட்காருகிறீர்கள் என்பதும் முக்கியம். அங்கே பேச்சு முழுக்கப் பிள்ளைகளைத் திட்டுவதாகவே இருந்தால் அது நம்மையும் இழுத்துவிடும். ஒருவராவது இருப்பார், தன் வகுப்பைப் பற்றி ஆசையாகப் பேசுகிறவர். அவர் வகுப்பில் பின்னால் போய் ஒரு பீரியட் உட்கார்ந்து பார்க்கக் கேளுங்கள், உங்கள் வகுப்புக்கும் அவரைக் கூப்பிடுங்கள். குறை கண்டுபிடிக்க இல்லை, முன்னால் நிற்கும்போது நமக்குத் தெரியாத பலவற்றைப் பின்னால் இருப்பவர் பார்த்துச் சொல்வார். கூச்சமாக இருக்கும். முதல் தடவை மட்டும்தான். அப்புறம், தூக்கமே வராமல், சாப்பாடு இறங்காமல், அழுகை வந்துகொண்டே இருந்தால் அது இந்தக் கடிதத்தின் எல்லைக்கு வெளியே, தயவுசெய்து ஒரு மருத்துவரைப் பாருங்கள். விடுப்பு எடுங்கள். வகுப்பு காத்திருக்கும்.

இதையெல்லாம் ஆசிரியர் தலையிலேயே கட்டிவிடுவதும் நியாயமில்லை, அதையும் தலைமையாசிரியர்களும் கல்வி அதிகாரிகளும் படிக்கட்டும் என்றுதான் பத்திரிகைக்கு எழுதுகிறேன். ஆசிரியர்களின் நிலை குறித்து யுனெஸ்கோவும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து 1966 அக்டோபர் 5-ஆம் தேதி ஏற்றுக்கொண்ட பரிந்துரை ஒன்று இருக்கிறது, அந்த நாளைத்தான் இன்று உலக ஆசிரியர் தினமாகக் கொண்டாடுகிறோம். ஆசிரியர் மதிப்புமிக்க நிபுணர், அவருடைய நேரமும் சக்தியும் வீணாகாதபடி அவருடைய வேலை அமைய வேண்டும் என்று அதில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. ஒரே தகவலை மூன்று படிவத்தில் நிரப்பச் சொல்லிவிட்டு, போர்ஷன் ஏன் முடியவில்லை என்று கேட்பது எந்த வகையில் சேர்த்தி? ஆண்டுக்கு ஒருநாள் பூங்கொத்து கொடுப்பதற்குப் பதிலாக, வாரத்துக்கு ஒரு பீரியடை விடுவித்து, ஒரே பாடம் எடுக்கிற ஆசிரியர்கள் சேர்ந்து உட்கார்ந்து விடைத்தாள்களைப் பார்த்துப் பேச விடுங்கள். எந்தத் தப்பு எல்லா வகுப்பிலும் வருகிறது, யார் அதை எப்படிச் சரிசெய்தார்கள் என்பது அங்கேதான் கைமாறும். வெளியிலிருந்து ஒருவர் வந்து பேசிவிட்டுப் போகிற பல பயிற்சிகளைவிட இது எவ்வளவோ மேல்.

எல்லாப் பிள்ளைகளும் திரும்பிவிடுவார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். சில பேரை நம்மால் அந்த ஆண்டுக்குள் எட்ட முடியாது. அடுத்த ஆண்டு வேறொருவர் எட்டலாம், அதற்கு நீங்கள் கேட்ட ஒரு கேள்வி காரணமாகக்கூட இருக்கலாம், அது உங்களுக்குத் தெரியவே வராது. எட்டக்கூடிய பிள்ளைகள் ஒவ்வொரு வகுப்பிலும் இருக்கிறார்கள், நீங்கள் நினைப்பதைவிட அதிகமாக இருக்கிறார்கள். வேலையை விடுவதா என்ற முடிவை இந்தப் பருவம் முடியும்வரை தள்ளி வையுங்கள் டீச்சர். அதன் பிறகும் விடத்தான் வேண்டும் என்று தோன்றினால் அதில் எந்த அவமானமும் இல்லை.

பத்திரிகை ஆசிரியர் அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். தேர்வு முடிவு நாளில் முதல் மதிப்பெண் எடுத்தவர்களின் படங்களைப் போடுகிறீர்கள், போடுங்கள். அதோடு வாரம் ஒருநாள் கால் பக்கம் ஒதுக்கி, வகுப்பில் தாங்கள் செய்து பார்த்த ஒரு விஷயத்தையும் அது எப்படிப் போனது என்பதையும் ஆசிரியர்களை எழுதச் சொல்லுங்கள். பலிக்காததையும் எழுதட்டும். சென்ற வாரம் எழுதிய ஆசிரியைக்கு அந்தப் பக்கத்தில் முதல் இடம் கொடுத்தால் மகிழ்வேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் ஒருவர்